கோப்பில் ஒரு சொல்

என் கோப்பில் பள்ளி ஆலோசகர் எழுதியிருந்தார்:
மீள்திறன் மிக்க மாணவி.
தலைகீழாக வாசிக்க எனக்கு வரும்.
மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தே வளர்ந்தவள்.

"அப்படின்னா என்னடி?"
ஒடெஸாவிடம் கேட்டேன்.
பின்னலிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி
என் நெற்றியில் சுண்டினாள்.
"இதுதான். இழுத்து விட்டா பழையபடி ஆயிடும்."

இழுப்பது யாரென்று
கோப்பில் இல்லை.

மில்வாக்கி, வடக்குப் பக்கம்.
இலையுதிர்காலத்தில் எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.
நிறுத்தத்தின் கம்பம் மட்டும் நிற்கிறது,
செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை போல.
பள்ளிக்கு நடை நாற்பத்தோரு நிமிடம்.
ஜனவரியில் ஐம்பது,
பனி வார ஆளில்லாத வீடுகளின் கணக்கில்.

நான், ஒடெஸா, டேலின்.
எரியாத தெருவிளக்குகளை டேலின் குறித்துக்கொள்வாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி,
ஒரு கணக்கு நோட்டில்.
பதினேழு.
மெதுவாக ஊர்ந்து பின்தொடரும் கார்களுக்குத்
தனிப் பக்கம்.
அந்தப் பக்கத்தை அவள் அம்மாவுக்குக் காட்டியதில்லை.

ஒருத்தி தாமதமானால் மற்ற இருவரும் நிற்க வேண்டும்,
இது எங்கள் சட்டம்.
அதனால் மூவருக்கும் டிடென்ஷன்.
அங்கே ஒடெஸா என் தலையைப் பின்னினாள்,
நான் அவளுக்கு வேதியியல் சொன்னேன்,
டேலின் வரைபடம் போட்டாள்,
விளக்கில்லாத தெருவெல்லாம் கறுப்பில்.
"பயமுறுத்துறதுக்கு நம்ம நிறம்தான் கிடைச்சுதா?"
யோசித்தாள்.
எல்லாவற்றையும் ஊதாவாக்கினாள்.

போக்குவரத்து வாரியக் கூட்டம் ஒரு செவ்வாய் மாலை.
போக பேருந்து கிடையாது.
நடந்தோம்.

ஆளுக்கு இரண்டு நிமிடம்.
சிவப்பு எண்கள் பின்னோக்கி ஓடின.
தலைவர் என் பெயரைத் தப்பாகச் சொன்னார்.
ஜனாயா என்றேன்.
வேறு விதமாகத் தப்பாகச் சொன்னார்.
ஜனாயா.
அதற்கே அரை நிமிடம் போனது.
எழுதி வந்த தாள் சட்டைப்பையில் பனியில் ஊறி
கூழாகியிருந்தது.
மூக்கு வேறு ஒழுகியது.

கூப்பிடாமலே டேலின் வந்து
நோட்டை என் முன்னால் விரித்தாள்.
விளக்குகளின் பக்கத்தை அல்ல.

வெள்ளி நிற வேன், காலை ஆறு ஐம்பத்திரண்டு,
கண்ணாடி இறங்கியது.
நீலக் கார், ஏழு ஐந்து,
கொஞ்சம் சிரியேன் என்றது.
வெள்ளி நிற வேன்.
வெள்ளி நிற வேன், மறுபடியும், எதிர்த் திசையிலிருந்து.

மணி அடித்தது.
"என் ரெண்டு நிமிஷத்தையும் அவளே எடுத்துக்கட்டும்"
பின்னாலிருந்து ஒடெஸா கத்தினாள்.
எடுத்துக்கொண்டேன்.

துணிச்சலான பெண்கள் என்றார் தலைவர்.
அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்போம் என்று எழுதிக்கொண்டார்கள்.
பிறகு கைதட்டினார்கள்.
கைதட்டலில் ஏறி வீட்டுக்குப் போக முடியாது.

கதவருகே டேலினின் அம்மா,
மருத்துவமனைச் சலவைக்கூடத்து உடுப்போடு.
எப்போது வந்தார் தெரியாது.
ஹீட்டர் ஓடாத காரில் எங்களை ஏற்றினார்.
நோட்டைக் கேட்டார்.
சிவப்பு விளக்கில் நின்றபோது வாசித்தார்.
பச்சை விழுந்தது,
பின்னால் ஹாரன் அடித்தார்கள்,
வண்டி நகரவில்லை.
மறுபடி சிவப்பு.

ஏப்ரல்.
பதினேழில் நான்கு எரிகின்றன,
அதில் ஒன்று பகலிலும்.
பேருந்து இன்னும் பரிசீலனையில்.
டேலின் இப்போது இரண்டாம் நோட்டு,
ஞாயிறுதோறும் அவள் அம்மா வாங்கிப் பார்க்கிறார்.

என் பூட்ஸ் கடிக்கிறது.
குதிகாலை எவ்வளவு திணித்தாலும்
உள்ளே போகவில்லை.
அந்தச் சொல்லை அடித்துவிட்டு
கோப்பில் இதை எழுதச் சொல்ல வேண்டும்:
போன வருடம் எட்டு.
இப்போது ஒன்பதரை.